போக்கிமான் அணி வளர்ப்புப் போட்டி: சந்தேகங்களும் விளக்கங்களும்

கற்பனை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, பயிற்சி கொடுத்து மோதவிடும் வீடியோ கேம் போட்டிகள் உலக அளவில் நடக்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-ல் நாடாளுமன்றம் தடை விதித்தது. அதே வேளையில், 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியின் பதக்கப் பட்டியலில் ஒரு போக்கிமான் விளையாட்டும் இடம்பெற்றுள்ளது. ஒருபுறம் தடை, மறுபுறம் பதக்கம் என்பதால் எழும் குழப்பங்களுக்கும், தென்காசி, குற்றாலம் வட்டாரப் பெற்றோரும் மாணவர்களும் அறிய வேண்டிய விவரங்களுக்கும் இங்கே விளக்கம் தரப்படுகிறது.

விளையாட்டும் அணியும்

‘டீம் வளர்க்கிறேன்’ என்று பிள்ளைகள் சொல்வது எதை?

போக்கிமான் என்பது 1996 பிப்ரவரி 27-ல் ஜப்பானில் தொடங்கிய வீடியோ கேம் வரிசை. அதில் வரும் உயிரினங்கள் தொடக்கத்தில் 151 வகை. இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் ஆறைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் திறன்களையும் தாக்குதல்களையும் திட்டமிட்டு அமைத்து, எதிராளியின் ஆறோடு மோதவிடுவதே அணி வளர்ப்பு.

போக்கிமான் என்றால் எல்லாம் ஒரே விளையாட்டுதானா?

இல்லை, போட்டிகளில் மூன்று வகை உண்டு. நின்டென்டோ ஸ்விட்ச் கருவியில் ஆடும் மூல வரிசையில் ஸ்கார்லெட், வயலெட் ஆகியவை 2022 நவம்பர் 18-ல் வெளியாயின. கைபேசியில் வெளியே நடந்து ஆடும் போக்கிமான் கோ, 2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. 2021-ல் வெளியான போக்கிமான் யுனைட், ஐந்து பேர் கொண்ட இரு அணிகள் பத்து நிமிடம் மோதும் ஆட்டம். ஒவ்வொரு முறையும் எல்லோரும் முதல் நிலையிலிருந்தே தொடங்குவதால், முதல் இரண்டில் உள்ளது போன்ற வளர்ப்பு அதில் இல்லை.

மூல வரிசைப் போட்டி எப்படி நடக்கிறது?

ஒருவர் ஆறு போக்கிமான்களைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவற்றில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் இரண்டிரண்டாகக் களத்தில் இறக்க வேண்டும். ஸ்கார்லெட், வயலெட் விதிகளின்படி, எதிரணியைப் பார்த்து அந்த நான்கை முடிவு செய்ய 90 விநாடியும், ஒவ்வொரு சுற்றிலும் கட்டளை கொடுக்க 45 விநாடியும் தரப்படும். எல்லா போக்கிமான்களும் லெவல் 50-க்குச் சமன் செய்யப்படுவதால், அதிக நாள் ஆடி லெவலை உயர்த்தியவருக்கு அதனால் மட்டும் சாதகம் கிடைக்காது.

எது எதை வெல்லும் என்பதை எப்படி அறிவது?

ஒவ்வொரு போக்கிமானும் நெருப்பு, நீர், புல், மின்சாரம், நிலம், பாறை என 18 வகைகளில் ஒன்றையோ இரண்டையோ சேர்ந்தது. நீர்த் தாக்குதல் நெருப்பு வகையை இரு மடங்கு பாதிக்கும். மின்சாரத் தாக்குதல் நில வகையிடம் சற்றும் பலிக்காது. நெருப்பும் பறத்தலும் சேர்ந்த சாரிஸார்டைப் பாறைத் தாக்குதல் நான்கு மடங்கு பாதிக்கும். தாக்கும் வகை, தாங்கும் வகை என்று கணக்கிட்டால் 324 இணைகள் வரும். போட்டியாளர்கள் இவற்றை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி என்று எதைச் சொல்கிறார்கள்?

உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் ஆகிய ஆறு திறன்களுக்குப் பயிற்சிப் புள்ளிகளைப் பங்கிடுவதே பயிற்சி. ஸ்கார்லெட், வயலெட் வரையிலான அண்மைக்கால மூல வரிசை விளையாட்டுகளில் ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510 புள்ளிகள். ஒரு திறனுக்கு உச்ச வரம்பு 252. ஆகவே இரண்டு திறன்களை மட்டுமே முழுமையாக நிரப்ப முடியும். எதை நிரப்புவது, எதை விடுவது என்ற முடிவில்தான் போட்டியாளரின் திட்டம் இருக்கிறது.

அந்தப் புள்ளிகளால் ஆட்டத்தில் என்ன மாற்றம் வருகிறது?

கார்சோம்ப் என்ற போக்கிமானைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். பிறவித் திறன் முழுமையாக இருந்து, பயிற்சி இல்லாவிட்டால், லெவல் 50-ல் அதன் வேகம் 122. வேகத்துக்கு 252 புள்ளி கொடுத்தால் 154. வேகத்தைக் கூட்டும் குணமும் சேர்ந்தால் 169. சாரிஸார்டின் உச்ச வேகம் 167. குணத்தைச் சரியாக அமைத்த கார்சோம்ப் முந்திக்கொண்டு பாறைத் தாக்குதலை வீசும். அமைக்காதது 154-ல் நின்று, முழுப் பயிற்சி பெற்ற சாரிஸார்டின் அடியை முதலில் வாங்கும்.

குணம், பிறவித் திறன் ஆகியவற்றை மாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். மொத்தம் 25 குணங்கள் உள்ளன. அவற்றில் 20 குணங்கள் ஒரு திறனை 10 சதவீதம் கூட்டி, மற்றொன்றை 10 சதவீதம் குறைக்கும். மீதி ஐந்தால் மாற்றம் இல்லை. குணத்தின் பலனை ‘மின்ட்’ என்ற பொருளாலும், 0 முதல் 31 வரை அமையும் பிறவித் திறனை ‘பாட்டில் கேப்’ என்ற பொருளாலும் விளையாட்டுக்குள்ளேயே சரிசெய்யலாம். முன்பு பல தலைமுறை முட்டைகளைப் பொரித்துப் பெற வேண்டியிருந்த தரம், இன்று இந்தப் பொருள்களால் விரைவில் கிடைக்கிறது.

பலம் வாய்ந்த ஆறைச் சேர்த்தால் வென்றுவிட முடியாதா?

முடியாது. ஒரே இனத்தை இருமுறை சேர்க்கவும், ஒரே பொருளை இரண்டு போக்கிமான்களிடம் கொடுக்கவும் போட்டி விதி இடம் தராது. மிகு பலமுள்ள சில இனங்களுக்குப் பருவந்தோறும் தனிக் கட்டுப்பாடு உண்டு. 2014-ல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செ ஜுன் பார்க், எளிய போக்கிமானாகக் கருதப்பட்ட பச்சிரிசுவை அணியில் சேர்த்துப் பட்டம் வென்றார். எதிரியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துத் துணையைக் காப்பதே அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த வேலைக்கு ஏற்றபடியே அது வளர்க்கப்பட்டிருந்தது.

வெற்றி திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா?

இரண்டும் உண்டு, திறமையின் பங்கு பெரிது. ஒரே தாக்குதலின் பாதிப்பு 85 முதல் 100 சதவீதம் வரை மாறக்கூடும். கூடுதல் சேதம் தரும் ‘கிரிட்டிக்கல்’ அடி சாதாரணமாக 24-ல் ஒரு முறை விழும். இந்தத் தற்செயலின் தாக்கத்தைக் குறைக்கவே, முக்கியப் போட்டிகளில் மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர் என விதி வகுத்துள்ளனர்.

கைபேசியில் பயிற்சி

போக்கிமான் கோ விளையாட்டில் அணி எப்படி அமைகிறது?

இதில் ஒரு போருக்கு மூன்று போக்கிமான்கள். உலகப் போட்டி முறையில் ஆறைக் காட்டி மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘சிபி’ எனப்படும் போர்த்திறன் அளவுக்குக் கிரேட் லீக்கில் 1,500, அல்ட்ரா லீக்கில் 2,500 என வரம்பு உண்டு. மாஸ்டர் லீக்கில் வரம்பில்லை. ஒருவருக்கு இரண்டு கேடயங்கள் தரப்படும். எதிராளியின் எந்த அடியைக் கேடயத்தால் தடுப்பது, எதைத் தாங்கிக்கொள்வது என்பதே இதில் முக்கிய முடிவு.

எல்லாத் திறனும் முழுமையாக உள்ள போக்கிமான்தானே சிறந்தது?

வரம்புள்ள லீக்கில் பெரும்பாலும் அப்படியில்லை. இந்த விளையாட்டில் தாக்குதல், தற்காப்பு, உயிர் ஆகிய மூன்றும் 0 முதல் 15 வரை அமையும். போர்த்திறனைக் கணக்கிடும்போது தாக்குதலுக்கே எடை அதிகம். எனவே தாக்குதல் குறைந்து, மற்ற இரண்டும் கூடியதை, 1,500-ஐத் தாண்டாமல் அதிக நிலைக்கு வளர்க்க முடியும். ‘100 சதவீதம்’ என்று காட்டுவதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவது, தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ஸ்விட்ச் கருவி இல்லாமல் பழக வழி உண்டா?

உண்டு. ‘போக்கிமான் ஷோடவுன்’ என்ற இலவச இணையதளத்தில், பிடித்து வளர்க்கும் வேலையின்றி, எண்களை நேரடியாக நிரப்பி அணி அமைத்துப் பழகலாம். கணினியோ கைபேசியோ போதும். இது அதிகாரபூர்வ நிறுவனத்தின் தளம் அல்ல. இதில் பெறும் வெற்றிக்குப் போட்டிப் புள்ளி கிடைக்காது. போரை மட்டுமே மையமாகக் கொண்ட ‘போக்கிமான் சாம்பியன்ஸ்’ என்ற விளையாட்டு ஸ்விட்ச், கைபேசி இரண்டிலும் வரும் என 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

செலவு

தொடங்க எவ்வளவு செலவாகும்?

போக்கிமான் கோ, யுனைட், ஷோடவுன் ஆகிய மூன்றையும் தொடங்கக் கட்டணம் இல்லை. இணைய இணைப்புச் செலவு மட்டுமே. ஸ்கார்லெட், வயலெட் ஆகியவற்றின் விலை அமெரிக்காவில் தலா 59.99 டாலர், அங்கு ஸ்விட்ச் கருவி 2017-ல் 299.99 டாலருக்கு வெளியானது. இந்தியாவில் இவை பெரும்பாலும் இறக்குமதியாளர்கள் வழியே விற்கப்படுவதால் விலை கடைக்குக் கடை மாறும். உத்தரவாதம் யார் தருவது என்பதை ரசீதில் உறுதி செய்துகொள்வது அவசியம்.

இலவசம் என்றால் பணம் எங்கே போகிறது?

விளையாட்டுக்குள் காசு, பை, ஆடை, அனுமதிச் சீட்டு எனப் பொருள்கள் உண்மைப் பணத்துக்கு விற்கப்படுகின்றன. இவை நேரத்தை மிச்சப்படுத்தும். போரில் எடுக்க வேண்டிய முடிவை எடுத்துத் தராது. கைபேசியில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டால், பிள்ளைகள் தெரியாமல் வாங்குவதைத் தடுக்கலாம். தவறுதலாக வாங்கியிருந்தால், கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கோருவது நல்லது.

பயிற்சி முடித்த அணியை விலைக்கு வாங்கலாமா?

கூடாது. கணக்குகளை வாங்குவதும் விற்பதும் விளையாட்டின் நிபந்தனைகளுக்கு எதிரானது. கணக்கு முடக்கப்பட்டால் கொடுத்த பணம் திரும்பாது. வெளி மென்பொருளால் உருவாக்கிய போக்கிமான்களைப் பயன்படுத்தியதற்காக, 2023 ஆகஸ்டில் ஜப்பானின் யோகஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் வீரர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். போக்கிமான் கோவில் இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டினால் எச்சரிக்கை, இடைநீக்கம், நிரந்தர நீக்கம் எனப் படிப்படியாக நடவடிக்கை வரும்.

போட்டியும் அங்கீகாரமும்

எந்த வயதினர் கலந்துகொள்ளலாம்?

மூல வரிசைப் போட்டியில் ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ் என மூன்று பிரிவுகள் உண்டு. பிறந்த ஆண்டை வைத்துப் பிரிவு முடிவாகும். 2025 பருவத்தில் 2013-லோ பிறகோ பிறந்தவர்கள் ஜூனியர், 2009 முதல் 2012 வரை பிறந்தவர்கள் சீனியர், 2008-லோ அதற்கு முன்போ பிறந்தவர்கள் மாஸ்டர்ஸ் பிரிவில் சேர்க்கப்பட்டனர். பருவத்துக்குப் பருவம் இந்த எல்லை ஓர் ஆண்டு நகரும். சிறுவர்களின் கணக்கைப் பெற்றோரின் ஒப்புதலுடனேயே தொடங்க வேண்டும்.

உலகப் போட்டிக்கு எப்படித் தகுதி பெறுவது?

அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பெறும் இடத்துக்கு ஏற்பச் சாம்பியன்ஷிப் புள்ளிகள் தரப்படும். அந்தந்தப் பகுதிக்கு வகுத்த அளவை எட்டுவோருக்கு அழைப்பு வரும். மூல வரிசைக்கான உலகப் போட்டி 2009 முதலும், போக்கிமான் கோவுக்கானது 2022 முதலும் நடைபெறுகின்றன. 2025 போட்டி ஆகஸ்டில் அமெரிக்காவின் அனஹைமில் நடந்தது. 2026 போட்டிக்கு சான் பிரான்சிஸ்கோ தேர்வு செய்யப்பட்டது.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் எந்தப் போக்கிமான் விளையாட்டு உள்ளது?

போக்கிமான் யுனைட் மட்டுமே உள்ளது. ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை என அட்டவணையிடப்பட்ட போட்டியின் இ-ஸ்போர்ட்ஸ் பதக்கப் பிரிவுகளில் அது ஒன்று. மூல வரிசையிலோ போக்கிமான் கோவிலோ வளர்த்த அணியைக் கொண்டு இதில் ஆட முடியாது. 2018 ஜகார்த்தா போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக இருந்தபோது, ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு வகை விளையாட்டில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார்.

இந்திய அரசு இதை விளையாட்டாக ஏற்றிருக்கிறதா?

பல்துறை விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெறும் இ-ஸ்போர்ட்ஸ், 2022 டிசம்பரில் மத்திய விளையாட்டுத் துறையின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. 2025-ன் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸுக்குத் தனி வரையறை தந்துள்ளது. இந்த அங்கீகாரம் முறையாகப் பதிவான போட்டிகளுக்கு உரியது. வீட்டில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் அது இ-ஸ்போர்ட்ஸ் ஆக்கிவிடாது.

சட்டம்

2025 சட்டத்தால் போக்கிமான் தடை செய்யப்பட்டுவிட்டதா?

இல்லை. பணமோ பணத்துக்கு ஈடான பொருளோ கட்டி, பதிலுக்குப் பணம் வெல்லும் எதிர்பார்ப்புடன் ஆடும் விளையாட்டுகளையே சட்டம் தடை செய்கிறது; அவை திறமை சார்ந்தவையா, வாய்ப்பு சார்ந்தவையா என்ற வேறுபாடு அதில் இல்லை. பந்தயம் இல்லாமல் பொழுதுபோக்குக்கும் திறன் வளர்ப்புக்கும் ஆடுபவை தனி வகையில் அனுமதிக்கப்பட்டுள்ளன. இந்தச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசு கொடுத்தால் அது சூதாட்டமா?

இ-ஸ்போர்ட்ஸாக அங்கீகாரமும் பதிவும் பெற்ற போட்டியில், நுழைவுக்கோ நிர்வாகச் செலவுக்கோ மட்டும் கட்டணம் வாங்கலாம். ஆட்டத்திறனுக்கு ஏற்பப் பரிசுத் தொகையும் தரலாம். பார்வையாளர்களோ ஆட்டக்காரர்களோ வெற்றி தோல்வியின் மீது பணம் கட்டுவதற்கு இடமில்லை. ஆளுக்குக் குறிப்பிட்ட தொகை போட்டு, வென்றவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கட்டணம் என்று சொல்லித் தப்ப முடியாது.

மீறினால் தண்டனை யாருக்கு?

பண விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகும் நிறுவனங்களுக்கும் தண்டனை உண்டு. ஆடுபவரைத் தண்டிக்கும் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் இழந்த பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற தமிழக விதி இதற்குப் பொருந்துமா?

பொருந்தாது. தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த அந்த விதி, உண்மைப் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கானது. 18 வயதுக்கு உட்பட்டோர் அவற்றை ஆடவும் அது தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் இந்த விதிகளைச் செல்லும் என்று உறுதி செய்தது. பணமில்லாத விளையாட்டுக்கு இரவு நேர வரம்பு வைப்பது குடும்பத்தின் பொறுப்பு.

குற்றாலமும் கைபேசி ஆட்டமும்

சீசனில் அருவிப் பகுதியில் போக்கிமான் கோ ஆடலாமா?

ஆடத் தடை இல்லை. ஆனால் வரைபடத்தில் ஓர் உயிரினம் தெரிவது அந்த இடத்துக்குச் செல்ல அனுமதி ஆகாது. நீர்வரத்து கூடினால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றில் குளிக்கத் தடை விதிக்கப்படும். அப்போது தடுப்பைத் தாண்டக் கூடாது. 2024 மே 17-ல் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் உயிரிழந்தார். கைபேசித் திரையில் கண் பதிந்திருப்பவருக்கு நீரின் நிறமும் இரைச்சலும் மாறுவது தெரியாது. வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள செண்பகாதேவி, தேனருவிப் பாதைகளில் அனுமதியின்றி நுழையக் கூடாது.

கோயிலுக்குள் கைபேசியை எடுத்து ஆடலாமா?

கூடாது. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்ய 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. குற்றாலநாதர் கோயில், தென்காசி காசி விசுவநாதர் கோயில் போன்ற இடங்களில் விளையாட்டு மையம் இருப்பதாகத் திரை காட்டினாலும், நுழைவாயில் விதியையே பின்பற்ற வேண்டும். சாலையைக் கடக்கும்போதும் வாகனம் ஓட்டும்போதும் ஆடுவது உயிருக்கு ஆபத்து.

உடல்நலமும் புகாரும்

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆடலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே மணிக்கணக்கு இல்லை. போக்கிமான் கோ போர் லீக்கில் வழக்கமாக நாளொன்றுக்கு ஐந்து ஆட்டங்கள் கொண்ட ஐந்து தொகுப்புகள், மொத்தம் 25 ஆட்டங்கள் தரப்படும். அனைத்தையும் ஆடியே தீர வேண்டும் என்பதில்லை. ஆட்டங்களின் எண்ணிக்கையைவிட, தோற்ற ஆட்டத்தில் எந்த முடிவு தவறியது என்று குறித்துவைப்பதால் அணி வேகமாகத் தேறும். தூக்கம், பாடம், உணவு ஆகியவற்றுக்கான நேரத்தை ஒதுக்கிய பிறகே பயிற்சி நேரத்தை வகுக்க வேண்டும்.

அடிமையாகிவிட்டதை எப்படி அறிவது, யாரை அணுகுவது?

ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற வேலைகளைவிட ஆட்டத்துக்கே முதலிடம், பாதிப்பு தெரிந்தும் தொடர்தல் ஆகியவை வழக்கமாக 12 மாதம் நீடித்து, படிப்பையோ குடும்ப வாழ்வையோ கடுமையாகப் பாதித்தால், உலகச் சுகாதார நிறுவனம் அதை நோயாக வகைப்படுத்துகிறது. இந்த வகைப்பாடு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆர்வமாக ஆடுவது மட்டுமே நோய் ஆகாது. ஐயமிருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

போட்டி நடத்துவதாகச் சொல்லிப் பணம் பறித்தால் என்ன செய்வது?

தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குக்குக் கைமாறுவதற்குள் முடக்க, விரைவான புகாரே உதவும். பரிவர்த்தனை எண், உரையாடலின் திரைப்பதிவு, போட்டி அறிவிப்பு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

போட்டியில் பெயர் கொடுக்கும் முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

நடத்துவது யார், அந்தப் போட்டிக்கு அங்கீகாரம் உண்டா, எந்த விதியில் எந்த வகை விளையாட்டு, வயது எல்லை எது, கட்டணம் எதற்காக வாங்கப்படுகிறது ஆகிய ஐந்தையும் எழுத்துவடிவில் கேட்டுப் பெற வேண்டும். பருவம் மாறும்போது அனுமதிக்கப்பட்ட இனங்களும் மாறும் என்பதால், பழைய பட்டியலை நம்பி அணியை வளர்க்கக் கூடாது. கட்டணத் தொகை வெற்றியாளருக்கான பந்தயமாகச் சேர்வது தெரிந்தால், அதில் பெயர் கொடுக்காமல் விலகிவிடுவதே பாதுகாப்பு.